செவிவழி வந்த வரலாறு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரிஷிவந்தியம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் அர்த்தநாரீசுவரர் திருக்கோயில் ஒன்று விளங்குகின்றது. முன்னொரு காலத்தில் முனிவர்கள் இவ்விடத்திற்கு வந்து இறைவனை வந்தித்து வழிபட்டனர் என்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் அமைந்தது என்றும் அவ்வூரார் கூறுவர். இறைவனுக்குத் தேனால் திருமுழுக்காட்டும் பொழுது சிவலிங்கத்தில் அம்மையின் வடிவம் தோன்றும் என்றும் அவர்கள் சொல்வர். இச்செய்திகளை அவர்கள் எந்நூலிற் கற்றனர்? பெரும்பாலோர் எந்நூலிலும் கற்றிலர். பாட்டி சொல்லப் பேரன் கேட்டான்; அவன் முதியவனானபின் தன் பேரனுக்குச் சொன்னான். இவ்வாறு வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து மீண்டும் வாய்க்குமாக அச்செய்திகள் வழிவழியே வந்துள்ளன.

இத்தகைய செய்திகளைக் கொண்டு நாட்டின் பழமையை ஆராய முடியுமா? அவற்றைப் பள்ளியில் வரலாறாகக் கற்பிக்கலாமா? அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? இவ்வினாக்கள் அறிஞர் பலரால் ஆராயப்பட்டவை. அவற்றிற்குரிய விடையை ரிஷிவந்தியத்தைச் சூழ்ந்துள்ள நிலப்பகுதியே நமக்கு நன்கு எடுத்துக் காட்டும். அவ்வூருக்கு வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் பழம்பெருமை வாய்ந்த திருக்கோவலூர் உள்ளது. தெற்கே, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தம்முள் போரிட்டுக் கைப்பற்ற முயன்ற தியாகதுருகம் மலைக்கோட்டை உள்ளது. மேற்கே நெடுந்தொலைவு வரை நீலநிறமாகத் தோன்றுவது கல்வராயன் மலை. ஆறும் கோட்டையும் மலையும் ஆகிய இம்மூன்றும் மக்கள் நாவில் வாழும் கதைகள் நிறைந்தவை.

நம் நாட்டு வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டும், செப்பேடும், ஓலைச்சுவடியும், பழங்காசும் துணை செய்கின்றன. இவை பெரும்பாலும் யாரைப் பற்றிப் பேசுகின்றன? நாட்டை ஆண்ட மன்னரைப் பற்றியும், கோயிலுக்கு நிலமும் விளக்கும் அளித்த செல்வரைப் பற்றியும், வரி விதித்த அதிகாரியைப் பற்றியும் பேசுகின்றன. கோயிலுக்குக் கொடுத்த நிலத்தில் நாற்று நட்ட பெண் யார்? கிணற்றிலிருந்து கவலை ஏற்றத்தால் நீர் இறைத்த உழவன் யார்? மலைச்சரிவில் காடு திருத்திச் சாமையும் தினையும் விதைத்தவர் யார்? கல்லில் அவர்கள் பெயர் பொறிக்கப்படவில்லை. எழுதத் தெரிந்தவர் அவர்களைப் பற்றி எழுதவில்லை. அவர்களுக்கோ எழுத்துக் கற்பிக்கப்படவில்லை. ஆயினும் அவர்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு அவர்தம் கதைகளிலும், பாட்டுகளிலும், பழமொழிகளிலும், முதியோர் நினைவிலும் தங்கியிருக்கின்றது. அதனையே வாய்மொழி வரலாறு என்று அறிஞர் வழங்குவர்.

வாய்மொழிச் செய்திகள் இருவகைப்படும். தம் கண்ணாற் கண்டதையும், தம் வாழ்வில் நேர்ந்ததையும் ஒருவர் கூறுவது ஒருவகை. தாம் காணாததை முன்னோர் சொல்லக் கேட்டு வழிவழியாகக் கூறி வருவது மற்றொரு வகை. முன்னதை நேர்ச்சான்று எனலாம்; பின்னதைச் செவிவழி மரபு எனலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி மயங்குதல் ஆகாது. நேர்ச்சான்று ஒருவர் வாழ்நாளளவே நிற்பது. செவிவழி மரபோ பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கும்; ஆயினும் நெடுந்தொலைவு பாய்ந்து வரும் ஆறு இடையிடையே சிற்றோடைகளை ஏற்பதைப்போல, அது வரும் வழியில் பல புதுமைகளையும் ஏற்றுக்கொண்டே வரும்.

இதற்குத் திருக்கோவலூரே தக்க சான்று தரும். சங்கப் புலவராகிய கபிலர் பறம்புமலைத் தலைவன் பாரியின் உயிர்நண்பர். பாரி இறந்தபின் அவன் மகளிர் இருவரையும் கபிலர் தம் பொறுப்பில் ஏற்றார். அதன்பின் நிகழ்ந்தது யாது? புறநானூற்றுப் பாட்டு ஒன்றன் அடியில் உள்ள பழங்குறிப்பு, அவர் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து உயிர்நீத்தார் என்று கூறுகின்றது. திருக்கோவலூரை அடுத்த கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது கபிலர் பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றங்கரையில் தீயிற் புகுந்தார் என்று கூறுகின்றது. தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையொன்றை அவ்வூர் மக்கள் இன்றும் கபிலர் குன்று என்றே வழங்குகின்றனர்.

கபிலர் வாழ்ந்த காலத்திற்கும் இராசராசன் காலத்திற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. அக்கல்வெட்டை வெட்டுவித்தோர் கபிலரை நேரிற் கண்டவர் அல்லர். அவ்விடைக்காலத்தில் அவர் கதை மக்கள் நாவில் வாழ்ந்திருத்தல் வேண்டும். இருவேறு செய்திகளுள் எது மெய் என்று இன்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. ஆயினும் இரண்டும் ஒத்துக் கூறுவன சில உள. கபிலர் பாரி மகளிரைக் காத்தார் என்பதும், அவர்களுக்கு ஒரு புகலிடம் தேடினார் என்பதும், தம் கடமை முடிந்தபின் தாமே உயிர் துறந்தார் என்பதும் இரண்டிலும் காணப்படுகின்றன. வேறுபடும் கதைகள் பல இருப்பின், அவை ஒத்துக்கூறும் பகுதியை முதலிற் காண்க. வேறுபடும் பகுதி ஏன் வேறுபட்டது என்று பின்னர் ஆராய்க. செவிவழி மரபை ஆராய்வோர் கைக்கொள்ளும் முதல் நெறி இதுவாகும்.

நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்நெறியில் முயன்றோர் நம் நாட்டில் இருந்தனர். காலின் மெக்கன்சி என்னும் பிரித்தானியப் படைத்தலைவர் நில அளவைப் பணிக்காகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1815ஆம் ஆண்டில் அவர் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆனார். அவர் செல்லுமிடமெங்கும் ஊர்ப்பெரியோரிடமும் கணக்கரிடமும் கோயிற் பணியாளரிடமும் ஊர் வரலாறுகளைக் கேட்டு எழுதுவித்தார். இப்பணியில் அவருக்குப் பெருந்துணையாய் நின்றவர் காவலி வேங்கட போரய்யா என்பவர். 1803ஆம் ஆண்டில் அவர் இறக்க, அவர் தம்பி இலக்குமய்யா அப்பணியைத் தொடர்ந்தார். இவர்கள் தொகுத்தவற்றை மக்கள் 'கைபீது' என்று வழங்கினர். அவற்றுள் பல சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் போற்றப்பட்டு வருகின்றன. அன்று அவர்கள் கேட்டு எழுதாதிருந்தால், அக்கதைகளை அறிந்த முதியோருடன் அவையும் மறைந்தே போயிருக்கும்.

இனிக் கல்வராயன் மலைக்குச் செல்வோம். அம்மலையில் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயரைக் கேட்டு, அவர்கள் கேரள நாட்டினர் என்று கருதுதல் பிழை. மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். அவர்கள் பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. உடன்பிறந்தார் மூவர் தம் தெய்வமாகிய கரியராமரையும் உடன்கொண்டு வந்தனர் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் நடுவர் பச்சைமலையிலும் இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்றும் ஒரு கதை கூறும். எட்கர் தர்ஸ்டன் என்பவர் ரங்காச்சாரியின் துணையுடன் 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குடிகள் பற்றிய நூலிலும் இம்மரபு இடம்பெற்றுள்ளது.

இக்கதையைக் கொண்டு, இன்ன ஆண்டில் இன்னார் வந்தனர் என்று கூற இயலாது. மலைக்கு மலை கதையும் சிறிது மாறும். அங்ஙனமாயின் இக்கதையால் பயன் இல்லையோ? உண்டு. வெவ்வேறு மலைகளில் பிரிந்து வாழும் மக்கள் தம்மை ஒரு குடியினராகவே கருதுகின்றனர் என்பதை இது காட்டுகின்றது. சமவெளியோடு தமக்கு இருந்த தொடர்பை அவர்கள் மறந்திலர் என்பதையும், தெய்வ வழிபாடே அவர்களை ஒருங்கு பிணைத்தது என்பதையும் இது புலப்படுத்துகின்றது. செவிவழிக் கதை ஆண்டுக் கணக்கைத் தவற விடலாம். ஆனால் அதனைச் சொல்லும் மக்கள் தம்மை யாரெனக் கருதுகின்றனர் என்பதை அது தவறாது உரைக்கும்.

அம்மலையின் அண்மைக்கால வரலாறு மேலும் கருதத்தக்கது. கல்வராயன் மலை சடையக் கவுண்டர், ஆரியக் கவுண்டர், குரும்பக் கவுண்டர் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. நம் நாடு 1947ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆயினும் கல்வராயன் மலையில் ஜாகீர் ஆட்சி 1976ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவ்வாண்டிலேயே அரசு அம்மலையைத் தன் நேரடி ஆட்சியில் ஏற்றது.

இவ்வாண்டுகளை நூல்களிற் காணலாம். ஆனால் அவ்வாண்டுகளுக்கு இடையே மலைமக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? விளைந்த சாமையில் எத்துணைப் பங்கு வீட்டிற்கு வந்தது, எத்துணைப் பங்கு வரியாகச் சென்றது? கூலியின்றி உழைத்த நாட்கள் எத்தனை? ஆட்சி மாறிய செய்தியை அவர்கள் யார் வாயிலாகக் கேட்டனர்? அன்று அவர்கள் மகிழ்ந்தனரா, அஞ்சினரா, நம்பாதிருந்தனரா? இவற்றை அரசாணை கூறாது. அந்நாளில் அங்கு வாழ்ந்தவரே கூறவல்லார். விடுதலை எப்பொழுது வந்தது என்று வினவினால், சமவெளியிலுள்ள முதியவர் 1947 என்பார். மலையிலுள்ள மூதாட்டியோ வேறோர் ஆண்டைக் கூறக்கூடும். இருவர் கூற்றும் பொய்யல்ல. ஒரே நாட்டின் வரலாறு எல்லா மக்களுக்கும் ஒரே நாளில் நிகழ்ந்துவிடுவதில்லை என்னும் உண்மையை இங்கு நாம் உணர்கின்றோம்.

1976ஆம் ஆண்டில் இருபது வயது நிரம்பியிருந்தோர் இன்று எழுபது வயதை நெருங்கியோ கடந்தோ உள்ளனர். அவர்களுட் பலர் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். தம் வரலாற்றைத் தாமே எழுதிவைக்க வல்லவர் அல்லர். அவர்கள் நினைவு அவர்களோடு மறையுமானால், அம்மலையின் வரலாறு வரி வாங்கியவரின் கணக்கிலும், ஆண்டவரின் ஆவணத்திலும் மட்டுமே எஞ்சும். வரி கொடுத்தவரின் குரல் எங்கும் கேளாது.

பிற நாட்டினரும் இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றியுள்ளனர். அமெரிக்க நாட்டில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர், 1936ஆம் ஆண்டு முதல் 1938ஆம் ஆண்டு வரை, முன்னாள் அடிமைகளாய் வாழ்ந்த முதியோரைத் தேடிச் சென்று அவர்கள் கூற்றுகளை எழுதும் பணியை அந்நாட்டரசு மேற்கொண்டது. இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கூற்றுகள் தொகுக்கப்பட்டன. அடிமைகளை விற்றவரின் கணக்கேடுகள் முன்பே இருந்தன. விற்கப்பட்டவரின் சொற்கள் அப்பொழுதுதான் பெரிய அளவில் ஏடேறின.

அப்பணியில் ஒரு குறையும் காணப்பட்டது. கேட்கச் சென்றோருட் பலர் வெள்ளையர். அவர்கள் முன் அம்முதியோர் மனந்திறந்து பேச அஞ்சினர். கடுமையைக் குறைத்தும் மறைத்தும் கூறினர். தம் இனத்தவர் கேட்டபொழுது சிலர் வேறு வகையாகப் பேசினர். ஆகவே, யார் சொல்கின்றார் என்பதைப் போலவே, யாரிடம் சொல்கின்றார் என்பதும் வாய்மொழி வரலாற்றில் இன்றியமையாதது. நில வரி அதிகாரி கேட்பின் மலைவாழ் உழவர் ஒருவிதமாக விடை கூறுவார். தம் பேத்தி கேட்பின் வேறுவிதமாகக் கூறுவார். இவ்வேறுபாட்டைக் குறித்து வைத்தல் ஆராய்ச்சியாளன் கடமை.

கடல் கடந்து வாழ்ந்த தமிழருக்கும் இத்தகைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இரயில்பாதையைச் சப்பானியர் அமைத்தனர். 1942ஆம் ஆண்டு சூன் திங்களில் தொடங்கிய அப்பணி 1943ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் முடிந்தது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக உழைத்து மாண்டவர் பல்லாயிரவர். அவர்களுள் மேலைநாட்டுப் போர்க்கைதிகளின் பெயர்கள் அவரவர் படைகளின் ஏடுகளில் இருந்தமையால், அவர்கள் கல்லறைகளிற் பெயர்கள் பொறிக்கப்பட்டன. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. மீண்டு வந்தவர் சொன்ன சொற்களே அவர்களைப் பற்றி நாம் அறிதற்குப் பெரிதும் துணையாய் உள்ளன. சிங்கப்பூர் அரசு 1979ஆம் ஆண்டில் வாய்மொழி வரலாற்றுக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவி, மக்கள் கூற்றுகளை ஒலிப்பதிவு செய்து காத்து வருவது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

வாய்மொழிச் செய்திக்குக் காலம் குறிப்பது எங்ஙனம்? முதியோர் பலர் நிகழ்ச்சிகளை ஆங்கில ஆண்டுக் கணக்கில் கூறமாட்டார். "தாது வருடப் பஞ்சம்" என்பர். "அணாக் கணக்கு இருந்த காலம்" என்பர். இவற்றைக் கொண்டே காலத்தை நாம் கணித்தல் கூடும். பழைய அணா முறை மாறிப் புதிய காசு முறை வந்தது 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில். ஆதலின் எட்டணாக் கூலிக்குக் களை எடுத்ததாக ஒருவர் கூறினால், அது பெரும்பாலும் அந்நாளுக்கு முற்பட்டது என்று கொள்ளலாம். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காசு முறை மாறிய பின்னரும் மக்கள் ஐம்பது காசை எட்டணா என்றே நெடுநாள் வழங்கினர். எனவே ஒரு குறிப்பை மட்டும் நம்பாமல் வேறு குறிப்புகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

தாது வருடப் பஞ்சம் என்பது 1876ஆம் ஆண்டு முதல் 1878ஆம் ஆண்டு வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம். தமிழாண்டுகள் அறுபது; அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் மீண்டும் வரும். தாது என்னும் ஆண்டு 1876இலும், 1936இலும், 1996இலும் பிறந்தது. ஒருவர் "தாது வருடம்" என்று கூறினால் எந்தத் தாது என்று ஆராய்தல் வேண்டும். அவர் அதனைத் தம் பாட்டியிடம் கேட்டாரா, பாட்டியின் பாட்டி கண்டதாகக் கேட்டாரா என்று வினவித் தலைமுறைகளை எண்ணினால் ஐயம் நீங்கும். பின்னர் அச்செய்தியை மக்கள் கணக்கெடுப்போடு ஒப்பிடலாம். கல்வராயன் மலையின் ஒரு பகுதியைத் தன்னகத்தே கொண்ட சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டில் இருந்த மக்கள்தொகை 1881ஆம் ஆண்டில் குறைந்து காணப்பட்டது. அக்கணக்கு எத்துணைப் பேர் குறைந்தனர் என்று கூறும். கஞ்சித்தொட்டியின் முன் நின்றவர் பட்ட துயரத்தையும், காட்டுக் கிழங்கைத் தேடி அலைந்தவர் நெஞ்சையும் கதையும் பாட்டுமே கூறும். கணக்கும் கதையும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

நினைவு பிழைபடும் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. இத்தாலி நாட்டில் தெர்னி என்னும் எஃகுத் தொழில் நகரம் உள்ளது. 1949ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வட அட்லாண்டிக் உடன்படிக்கையை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் லூயிகி திராஸ்துல்லி என்னும் இளந்தொழிலாளர் காவல் துறையினரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளின் பின்னர் அலெசாண்ட்ரோ போர்த்தெல்லி என்னும் அறிஞர் அந்நகர மக்களிடம் இதைப்பற்றி வினவினார். பலர் அம்மரணம் 1953ஆம் ஆண்டில், ஆலையிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாக நீக்கப்பட்டபோது நடந்த போராட்டத்தில் நிகழ்ந்தது என்று கூறினர். ஏடுகளைப் பார்த்தால் அஃது பிழை. ஆயினும் அவ்வறிஞர் அப்பிழையைத் தள்ளிவிடவில்லை. இத்துணைப் பேர் ஒரே வகையாகப் பிழைபடக் காரணம் யாது என்று ஆராய்ந்தார். தம் தோழர் ஒருவர் உயிரிழந்தது தம் வாழ்வையே அசைத்த பெருநிகழ்ச்சியோடு சேர்ந்திருத்தல் வேண்டும் என்று மக்கள் உள்ளம் கருதியது; நினைவும் அதற்கேற்ப மாறியது. ஆகவே, நிகழ்ந்தது யாது என்பதை ஏடு கூறிற்று. நிகழ்ந்தது மக்கள் உள்ளத்தில் எவ்வாறு பதிந்தது என்பதை நினைவு கூறிற்று.

இவற்றையெல்லாம் அறிந்தபின், வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் முறை யாது என்று காண்போம். ரிஷிவந்தியத்து மாணவன் ஒருவன் தன் ஊரில் மின்பொறி வருவதற்கு முன் கிணற்றிலிருந்து நீர் இறைத்த முறையை அறிய விரும்புகின்றான் என்று கொள்வோம். அவன் முதலில், தான் எதற்காகக் கேட்கின்றான் என்பதை முதியவருக்கு விளங்கச் சொல்லி அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். அவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்டல் கூடாது. அவருடைய வயது, தொழில், கேட்ட நாள், கேட்ட இடம் ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும்.

வினவும் முறையும் முக்கியமானது. "அந்தக் காலத்தில் வாழ்க்கை மிகவும் நன்றாக இருந்தது அல்லவா, தாத்தா?" என்று கேட்பின், "ஆமாம்" என்னும் விடையே கிடைக்கும், அதனால் பயன் இல்லை. "விடியற்காலையில் எத்தனை மணிக்குக் கவலை பூட்டுவீர்கள், தாத்தா? வடம் அறுந்தால் என்ன செய்வீர்கள்? மாடு இல்லாதவர்கள் எப்படி இறைத்தார்கள்?" என்று கேட்பின், அவர் நினைவு வழி திறக்கும். சால், வடம், உருளை, வாய்க்கால் என்று ஒவ்வொன்றாக வரும். ஏற்றம் இறைப்போர் பாட்டுப் பாடியே சால்களை எண்ணினர் என்பதும் வெளிப்படும். அவர் பேசுங்கால் இடைமறித்தல் ஆகாது. அவர் சிறிது நேரம் பேசாதிருப்பின் பொறுத்திருத்தல் வேண்டும். ஆழ்ந்த நினைவுகள் அம்மௌனத்தின் பின்னரே வருவது வழக்கம். அவர் சொன்ன சொற்களை அவர் பேசியவாறே எழுதுதல் வேண்டும். 'திருத்தமான' நடையில் மாற்றி எழுதினால், பழைய தொழிற்சொற்கள் பல அழிந்துவிடும்.

அதன்பின் ஒப்புநோக்கும் பணி தொடங்கும். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். கிணற்றுக்கு உரியவர் சொல்வது ஒன்று. அக்கிணற்றில் கூலிக்கு இறைத்தவர் சொல்வது வேறொன்று. ஆடவர் சொல்வது ஒன்று; வாய்க்காலில் மடை மாற்றிய பெண்டிர் சொல்வது வேறொன்று. ஊரில் ஒரு தெருவினரை மட்டும் கேட்டு ஊர் வரலாறு எழுதினால், அது அத்தெருவின் வரலாறே ஆகும். நிலப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய பத்திரங்கள், கோயிற் கல்வெட்டு ஆகியவற்றோடும் கேட்ட செய்திகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒத்தவற்றை ஒத்தன என்றும், ஒவ்வாதவற்றை ஒவ்வாதன என்றும் மறையாமல் எழுத வேண்டும். ஆப்பிரிக்க நாட்டு மரபுகளை ஆராய்ந்த யான் வான்சினா என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இதனையே வற்புறுத்தினார். எழுத்துச் சான்றை எத்துணைக் கண்டிப்போடு ஆராய்கின்றோமோ, அத்துணைக் கண்டிப்போடு வாய்மொழிச் சான்றையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இம்முறை வகுப்பறையில் புகுமானால் வரலாற்றுக் கல்வி புத்துயிர் பெறும். நூலில் உள்ள ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் மாணவன், அவ்வாண்டுகளில் தன் ஊரில் நிகழ்ந்தது யாது என்று கேட்கத் தொடங்குவான். சான்று என்பது யாது, அதனை எவ்வாறு நிறுப்பது என்பதை அவன் செய்து பார்த்துக் கற்பான். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகக் கூறக் கேட்கும்பொழுது, விரைந்து தீர்ப்புக் கூறாமல் இரண்டையும் எண்ணிப் பார்க்கும் பண்பு அவனிடம் வளரும். தன் வகுப்பில் உடனிருந்து கற்கும் மலைநாட்டு மாணவனின் குடும்பக் கதையைக் கேட்கும்பொழுது, தான் அறியாத துன்பமும் பெருமையும் அவனுக்கு உண்டென்பதை உணர்வான்.

பயன் கேட்பவருக்கு மட்டும் உரியதன்று. எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி, தன் வாழ்வில் எழுதத் தக்கது எதுவும் இல்லை என்று எண்ணியிருப்பாள். பேத்தி அருகில் அமர்ந்து ஏடும் எழுதுகோலுமாய், "பாட்டி, நீ சின்னப் பிள்ளையாய் இருந்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்கும் நாளில், தன் சொல்லுக்கும் மதிப்புண்டு என்பதை அவள் அறிகின்றாள். பள்ளிக்கூடத்தின் வாயிலையே மிதித்தறியாத அவள், அன்று தன் பேத்திக்கு ஆசிரியை ஆகின்றாள்.

கல்லில் வெட்டிய எழுத்து ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்கும். இன்று படிக்காவிடினும் நாளை படிக்கலாம். முதியோர் நினைவோ அவ்வாறு காத்திராது. ரிஷிவந்தியத்துத் திண்ணைகளிலும் கல்வராயன் மலையின் குடிசை வாயில்களிலும் அமர்ந்திருக்கும் முதியோர் ஒவ்வொருவரும் படிக்கப்படாத ஏடுகளாவர். அவ்வேடு மூடப்படுமுன் அருகில் சென்று அமர்ந்து, பணிவுடன் கேட்டு, கேட்டதைப் பிழையின்றி எழுதி, எழுதியதை ஆராய்ந்து, மெய்யென உணர்ந்ததைப் பின்வருவோர்க்கு அளித்தல் இளையோரால் இயலும். அதற்குப் பொருட்செலவு வேண்டா. பொறுமையும், உண்மையிற் பற்றும், முதியோர்பால் அன்புமே வேண்டும்.